மக்களுக்கு எழுத்து கொடுத்த மன்னர்

தென்கொரியாவில் அக்டோபர் 9-ந் தேதி அரசாங்க விடுமுறை. அன்று பள்ளிக்கூடம் இல்லை. அலுவலகம் இல்லை. நாடு முழுவதும் எழுத்துக்கு விழா எடுக்கிறார்கள்!

எழுத்துக்கு ஒரு விழாவா என்று தோன்றலாம். கொரிய எழுத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. உலகத்தின் பழைய எழுத்துக்களில் பெரும்பாலானவற்றை யார் செய்தார்கள் என்று சொல்லமுடியாது. பல நூறு ஆண்டுகளில் பலர் கைபட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தவை அவை. கொரிய எழுத்து அப்படி வந்ததல்ல. அதைச் செய்தவர் பெயர் தெரியும். செய்து முடித்த மாதம்கூடத் தெரியும்.

அவர் ஒரு அரசர். பெயர் சேஜோங்.

மூன்றாவது பிள்ளை

சேஜோங் 1397-ம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யீ டோ. சேஜோங் என்பது அவர் இறந்த பிறகு சூட்டப்பட்ட பெயர். அதுவே நிலைத்துவிட்டது.

அவருடைய பாட்டனார் ஒரு தளபதி. 1392-ம் ஆண்டில் பழைய அரச பரம்பரையை நீக்கிவிட்டுத் தாமே பட்டம் ஏறினார். அந்தப் புதிய அரசுக்கு ஜோசன் என்று பெயர். தந்தை தேஜோங் இன்னும் கடுமையானவர். பட்டத்துக்குப் போட்டியாக நின்ற மாற்றாந்தாய் மக்கள் இருவர், அவருடைய ஆட்களால் வெட்டப்பட்டார்கள்.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த மூன்றாவது பிள்ளைக்குப் புத்தகத்தின் மேல் கொள்ளை ஆசை! ஒரே புத்தகத்தை நூறு தடவை படிப்பார். சாப்பிடும்போதும் படிப்பார். காய்ச்சலில் கிடக்கும்போதும் படிப்பார். ஒரு சமயம் உடம்பு மிகவும் மோசமாகிவிட்டது. தந்தை ஆளை அனுப்பி, அறையில் இருந்த புத்தகங்களை எல்லாம் எடுத்துவரச் செய்தார். தட்டி மறைவில் ஒன்று மட்டும் தப்பிவிட்டது. அதை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான தடவை படித்துத் தீர்த்தாராம் இளவரசர்.

மூத்த பிள்ளைதான் பட்டத்து இளவரசர். அவருக்கோ படிப்பு ஏறவில்லை. வேட்டை, கேளிக்கை, பெண் சகவாசம் என்று பொழுதைப் போக்கினார். தம்பிக்கு வழிவிடுவதற்காகவே அவர் அப்படி நடித்தார் என்று ஒரு கதை கொரியாவில் உண்டு. நல்ல கதைதான். உண்மை என்று நம்புவதற்கில்லை. 1418-ம் ஆண்டு தந்தை பொறுமை இழந்தார். மூத்தவரை நீக்கிவிட்டு மூன்றாவது மகனைப் பட்டத்து இளவரசர் ஆக்கினார். இரண்டே மாதத்தில் அரியணையையும் கொடுத்துவிட்டார். சேஜோங்குக்கு அப்போது 21 வயது.

மாமனாருக்கு விஷம்

மகுடம் மகன் தலையில் இருந்தது. படை தந்தை கையில் இருந்தது.

அரசியின் தகப்பனார் சிம் ஓன் பெரிய மந்திரி. பெண் வீட்டார் செல்வாக்குப் பெற்றால் தம் பரம்பரைக்கு ஆபத்து என்று தேஜோங் நினைத்தார். சிம் ஓன் சீன அரண்மனைக்குத் தூது போயிருந்த சமயம் பார்த்து அவர்மேல் சதிக் குற்றம் சுமத்தினார். திரும்பி வந்தவருக்கு விஷம் கொடுக்கப்பட்டது. அரசியின் தாயார் அரசாங்க அடிமை ஆக்கப்பட்டார்.

இளம் அரசரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தம் மாமனாரைத் தம் தந்தையே கொல்ல, அவர் பேசாமல் இருந்தார். அரசியையும் பதவியிலிருந்து இறக்கவேண்டும் என்று மந்திரிகள் சிலர் சொன்னார்கள். அது மட்டும் நடக்கவில்லை. அந்த அம்மாள் கடைசிவரையில் அரசருடன் வாழ்ந்தார். 8 ஆண் பிள்ளைகளும் 2 பெண் பிள்ளைகளும் பெற்றார். 1422-ம் ஆண்டு தேஜோங் காலமானார். அதன் பிறகு, 1426-ம் ஆண்டில், அரசியின் தாயாருக்கு விடுதலை கிடைத்தது.

கேட்டு நடந்த அரசர்

ஆட்சி முழுவதும் கைக்கு வந்ததும் சேஜோங்கின் குணம் வெளிப்பட்டது. எதையும் கேட்டுச் செய்வார்.

அரண்மனைக்குள் அறிஞர் மன்றம் ஒன்றை 1420-ம் ஆண்டிலேயே அமைத்திருந்தார். கெட்டிக்கார வாலிபர்களைப் பொறுக்கி எடுத்துச் சம்பளம் கொடுத்து, படிப்பதே வேலை என்று உட்காரவைத்தார். குளிர்கால இரவில் புத்தகத்தின் மேல் தூங்கிப்போன ஒரு வாலிபர்மேல் அரசர் தம் மேலங்கியைப் போர்த்தச் சொன்னார் என்று ஒரு செய்தி உண்டு.

விவசாயத்துக்குப் புத்தகம் எழுத நினைத்தபோது பண்டிதர்களை மட்டும் நம்பவில்லை. ஊர் ஊராக அதிகாரிகள் போய், அனுபவப்பட்ட கிழட்டு விவசாயிகளிடம் கேட்டு எழுதினார்கள். 1429-ம் ஆண்டு அந்தப் புத்தகம் வெளிவந்தது.

நில வரியை மாற்றவேண்டும் என்று 1430-ம் ஆண்டில் யோசனை வந்தது. மந்திரி முதல் குடியானவர் வரையில் நாடு முழுவதும் கருத்துக் கேட்கச் சொன்னார் அரசர். சரி என்றவர்கள் 98,657 பேர். வேண்டாம் என்றவர்கள் 74,149 பேர். ஓட்டுப் பெட்டி என்பதே இல்லாத காலம் அது! அதிகம் பேர் சரி என்றபோதிலும், வேண்டாம் என்றவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே என்று அரசர் அவசரப்படவில்லை. சட்டம் முடிவாக மேலும் பல ஆண்டுகள் ஆயின.

அரசாங்க அடிமைப் பெண்கள் பிள்ளை பெற்றால், அதற்குமுன் ஒரு வாரந்தான் விடுமுறை. சேஜோங் அதை 100 நாள் ஆக்கினார். பிறகு, பிரசவத்துக்கு முந்திய ஒரு மாதத்தையும் சேர்த்தார். 1434-ம் ஆண்டில் இன்னொரு உத்தரவு போட்டார். பெற்றவளைப் பார்த்துக்கொள்ளப் புருஷனுக்கும் 30 நாள் விடுமுறை!

அடிமையாகப் பிறந்த ஜாங் யோங் சில் என்பவர் கைவேலையில் கெட்டிக்காரர். அவரை அரசர் உத்தியோகத்தில் உயர்த்தினார். தண்ணீரால் ஓடி, தானாகவே மணியும் முரசும் அடித்து நேரம் சொல்லும் கடிகாரத்தை அவர் 1434-ம் ஆண்டில் செய்து முடித்தார். ஆனால் 1442-ம் ஆண்டு, அவர் மேற்பார்வையில் செய்த அரசரின் பல்லக்கு உடைந்துபோயிற்று. அரசர் அதில் ஏறவில்லை. இருந்தாலும் ஜாங்குக்கு 100 அடி என்று தீர்ப்பு. அதை அரசர் 80 ஆகக் குறைத்தார். குறைத்தாரே ஒழிய மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த மேதை என்ன ஆனார் என்று எந்த ஏட்டிலும் இல்லை. சேஜோங்கைக் கொண்டாடுகிறவர்களுக்கு இன்றும் விளங்காத விஷயம் இது.

படம் போட்ட புத்தகம்

1428-ம் ஆண்டு, ஜின்ஜு என்ற ஊரில் ஒருவன் பெற்ற தகப்பனையே கொன்றுவிட்டான். செய்தி கேட்டு அரசர் அதிர்ந்துபோனார். மக்களுக்கு நல்லது கெட்டது சொல்ல ஒரு புத்தகம் வேண்டும் என்றார். நல்ல மகன், நல்ல மனைவி, விசுவாசமுள்ள ஊழியர் என்று முந்நூறுக்கு மேற்பட்டவர்களின் கதைகளைச் சேர்த்து 1434-ம் ஆண்டில் அச்சிட்டார்கள். படிக்கத் தெரியாதவர்களும் புரிந்துகொள்ளட்டும் என்று கதைக்குக் கதை படமும் போட்டார்கள்.

படத்தைப் பார்க்கலாம். பக்கத்தில் உள்ள எழுத்து? அது சீன எழுத்து!

அந்தக் காலத்தில் கொரியர்களுக்குச் சொந்த எழுத்து கிடையாது. பேசுவது கொரிய மொழி. எழுதுவது சீன எழுத்து. சீனத்தில் நம்முடைய அகர வரிசை போல ஒன்றும் இல்லை. சொல்லுக்குச் சொல் தனித்தனி அடையாளம். ஆயிரக்கணக்கில் மனப்பாடம் செய்தால்தான் ஒரு புத்தகம் படிக்கலாம். வேறு வேலை இல்லாத பெரிய வீட்டுப் பிள்ளைகளால்தான் அது முடியும். ஏர் பிடிக்கிறவனால் முடியுமா?

கோர்ட்டில்தான் இதன் கொடுமை தெரியும். கைதியின் வாக்குமூலத்தைக் குமாஸ்தா சீன எழுத்தில் எழுதுவார். அதில் என்ன இருக்கிறது என்று கைதிக்குத் தெரியாது. ஒரு சொல் மாறினாலும் தலை போய்விடும். தனக்கு அநியாயம் நடந்தது என்று எழுதிக் கொடுக்கவும் அவனுக்கு வழி இல்லை.

இரகசிய வேலை

சேஜோங்குக்கு மாமிசம் இல்லாமல் சாப்பாடு இறங்காது. உடல் உழைப்பும் குறைவு. முப்பது வயதுக்குப் பிறகு வியாதிமேல் வியாதி. ஓயாத தாகம். நீரிழிவாக இருந்திருக்கவேண்டும் என்று இந்தக் காலத்து டாக்டர்கள் கருதுகிறார்கள். நாற்பத்தைந்து வயதுக்குள் கண் பார்வை மங்கிவிட்டது. இருட்டினால் கைத்தடி இல்லாமல் நடக்கமுடியவில்லை என்று அவரே மந்திரிகளிடம் சொன்னார். அரசாங்க வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மூத்த மகனிடம் ஒப்படைத்தார்.

ஓய்வெடுக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

கொரிய அரண்மனையில் அரசர் பேசுவதையும் செய்வதையும் அன்றாடம் எழுதிவைக்கத் தனி அதிகாரிகள் உண்டு. அவர்கள் எழுதியதில் கைவைக்க அரசருக்கே உரிமை இல்லை. அந்த ஏட்டில், கொரியப் பஞ்சாங்கப்படி 1443-ம் ஆண்டின் கடைசி மாதத்தில், திடீரென்று ஒரு குறிப்பு வருகிறது. அந்த மாதம் அரசர் தாமே 28 எழுத்துக்களைச் செய்தார் என்கிறது அது. அதற்கு முன்னால் இதைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை! பார்வை போய்க்கொண்டிருந்த நிலையில், எத்தனை ஆண்டு அந்த வேலை செய்தாரோ, யாருக்கும் சொல்லவில்லை.

வாயே எழுத்து

அந்த எழுத்துக்களின் சூட்சுமம் வேடிக்கையானது. க் என்று சொல்லிப் பாருங்கள். நாக்கின் அடிப்பாகம் மேலே எழும்பித் தொண்டையை அடைக்கிறது. நாக்கு அப்போது எப்படி வளைகிறதோ, அதே வளைவுதான் கொரியர்களின் க் என்ற எழுத்து. ந் என்று சொன்னால் நாக்கு நுனி மேலே தொடுகிறது. அந்த வடிவமே ந் எழுத்து. ம் என்றால் மூடிய வாய். அதற்கு ஒரு சதுரம். ஸ் என்றால் பல் வடிவம். தொண்டைக்கு ஒரு வட்டம்.

ஒலி வலுத்தால் ஒரு கோடு கூடும். ந் எழுத்துக்கு மேலே ஒரு கோடு இழுத்தால் த். இன்னொரு கோடு இழுத்தால் இன்னும் அழுத்தமான த். உயிர் எழுத்துக்களுக்கு மூன்றே அடையாளம். வானத்துக்கு ஒரு புள்ளி. பூமிக்குப் படுக்கைக் கோடு. நடுவில் நிற்கும் மனிதனுக்குச் செங்குத்துக் கோடு. இவற்றைச் சேர்த்துச் சேர்த்தே எல்லா உயிர் ஒலிகளும் வந்துவிடும்.

கெட்டிக்காரன் ஒரு காலைப் பொழுதுக்குள் படித்துவிடலாம், மந்த புத்திக்காரனும் பத்து நாளில் படித்துவிடலாம் என்று அறிஞர் ஜோங் இன் ஜி கணக்குச் சொன்னார்.

சொந்த அறிஞர்களே எதிர்த்தார்கள்

1444-ம் ஆண்டின் தொடக்கத்தில் ஏழு பேர் ஒரு விண்ணப்பம் கொண்டுவந்தார்கள். ஏழு பேரும் அரசரின் சொந்த அறிஞர் மன்றத்தைச் சேர்ந்தவர்கள். தலைமை தாங்கியவர் சோய் மல்லி. இருபது ஆண்டுக்கு மேல் அங்கே உழைத்தவர். கைசுத்தமானவர் என்று பேரெடுத்தவர். அவரைக் கெட்டவர் என்று சொல்லமுடியாது.

அவர் சொன்ன காரணங்கள் இவை. சீனாவே நாகரிகத்தின் ஊற்று. மங்கோலியர், ஜப்பானியர் போன்றவர்களே தனி எழுத்து வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படிச் செய்தால் காட்டுமிராண்டிகளோடு சேர்ந்துவிடுவோம். சீனா கேள்விப்பட்டால் வெட்கக்கேடு. எளிதான எழுத்து வந்துவிட்டால் சிரமப்பட்டு யார் படிப்பார்கள்? கோர்ட்டில் அநியாயம் நடப்பதற்குக் காரணம் அதிகாரியின் குணமே தவிர எழுத்து அல்ல. சீனாவில் பேச்சும் எழுத்தும் ஒன்றாகவே இருந்தும் அங்கே நிரபராதிகள் சிறைக்குப் போகவில்லையா? இத்தனை பெரிய காரியத்தை யாரையும் கேட்காமல் செய்யலாமா?

கடைசிக் கேள்வி சரியான இடத்தில் குத்தியது. வரிக்கு ஒன்றேமுக்கால் லட்சம் பேரைக் கேட்ட அரசர், எழுத்துக்கு ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுத்து பிறந்திராது என்பதும் உண்மை.

சேஜோங் கோபப்பட்டார். ஒலிகளின் இலக்கணம் உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டார். முன்காலத்தில் ஒரு பண்டிதர் சீன எழுத்தைக் கொரிய மொழிக்குத் தக்கபடி வளைத்தாரே, அது மக்களின் வசதிக்காக என்றால் இதுவும் அதற்காகத்தானே என்றார். ஏழு பேரையும் சிறையில் போடச் சொன்னார்.

மறுநாளே விட்டுவிட்டார்! தந்தை தேஜோங்காக இருந்தால் ஏழு தலை உருண்டிருக்கும்.

விடுதலையான பிறகு சோய் மல்லி வேலைக்குத் திரும்பவில்லை. சொந்த ஊருக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு அங்கேயே இறந்தார்.

அடுத்தடுத்து இடி

சில நாளில் அரசர் கண் வைத்தியத்துக்காகச் சோஜோங் என்ற ஊருக்குப் புறப்பட்டார். அங்கே ஊறும் தண்ணீர் மிளகு போல நாக்கில் சுரீர் என்னும். அதில் கண்ணைக் கழுவுவது வைத்தியம். மற்ற அரசாங்கக் காகிதங்களை எல்லாம் குறைத்துக்கொண்டவர், எழுத்து வேலையை மட்டும் கூடவே கொண்டுபோனார்.

1445-ம் ஆண்டின் தொடக்கத்தில், சில வாரங்களுக்குள் இரண்டு மகன்கள் இறந்தார்கள். இருவருக்கும் இருபது வயது நிரம்பவில்லை. 1446-ம் ஆண்டு வசந்த காலத்தில் அரசியும் கண்ணை மூடினார். தகப்பனாரை இழந்து, தாயார் அடிமையானதைப் பார்த்து, வாய் திறக்காமல் அரண்மனையில் வாழ்ந்தவர் அவர்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில், எழுத்தை விளக்கும் புத்தகம் வெளிவந்தது. ஜோங் இன் ஜியும் மற்றும் ஏழு அறிஞர்களும் விளக்கம் எழுதினார்கள். முன்னுரை அரசருடையது. நம் பேச்சு சீனப் பேச்சிலிருந்து வேறானது, எளிய மக்கள் சொல்ல நினைப்பதைச் சொல்லமுடியாமல் தவிக்கிறார்கள், அதற்கு இரங்கியே இதைச் செய்தேன் என்று சுருக்கமாக எழுதியிருந்தார்.

புது எழுத்தில் வந்த முதல் புத்தகங்களில் ஒன்று புத்தரின் வரலாறு. அரசியின் ஆன்மா சாந்தி அடைவதற்காக மகன் ஒருவர் அதை எழுதினார். அதைப் படித்துவிட்டு அரசரே புத்தர்மேல் பாட்டுக்கள் இயற்றினார்.

1449-ம் ஆண்டு தலைநகரில் ஒரு வேடிக்கை நடந்தது. பெரிய மந்திரி ஒருவரைக் கண்டித்து யாரோ சுவரில் எழுதிவிட்டார்கள். எழுதியது புது எழுத்தில்! எழுத்து அரண்மனையைவிட்டு வீதிக்கு வந்துவிட்டது.

அடுத்த ஆண்டு, 1450-ல், அரசி பெற்ற கடைசி மகன் வீட்டில் சேஜோங் காலமானார். வயது 52.

பெண்கள் காப்பாற்றினார்கள்

பெரிய மனிதர்கள் அந்த எழுத்தைத் தொடவில்லை. அது பாமர எழுத்து, பெண்பிள்ளை எழுத்து என்று கேலி செய்தார்கள். கேலி உண்மையும் ஆயிற்று. தாய் மகளுக்கு எழுதினாள். மனைவி வெளியூரில் உள்ள கணவனுக்கு எழுதினாள். அரண்மனை ராணிகளும் அதில்தான் எழுதினார்கள். அடுப்பங்கரையிலும் அந்தப்புரத்திலும் எழுத்து உயிரோடு இருந்தது.

1504-ம் ஆண்டு யோன்சான் என்ற கொடுங்கோலன் ஆண்டான். அவனைத் திட்டி யாரோ அந்த எழுத்தில் எழுதிப்போட்டார்கள். படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது என்று தடை போட்டான். இரண்டு ஆண்டில் அவனே பதவி இழந்தான். எழுத்து நின்றது. ஆனால் அரசாங்கக் காகிதத்தில் அதற்கு இடம் கிடைக்க 1894-ம் ஆண்டு வரையில் காத்திருக்கவேண்டியதாயிற்று.

அந்தச் சமயத்தில் கொரியாவில் ஹல்பர்ட் என்ற அமெரிக்க ஆசிரியர் இருந்தார். இத்தனை சுலபமான எழுத்தைப் படித்தவர்கள் ஒதுக்குகிறார்களே என்று ஆச்சரியப்பட்டு, அந்த எழுத்திலேயே ஒரு பூகோளப் புத்தகம் எழுதினார். கொரிய மொழியையும் தமிழ் முதலிய திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு புத்தகமும் எழுதினார். இரண்டும் உறவு மொழிகள் என்பது அவர் எண்ணம். இன்றைய மொழி அறிஞர்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. என்றாலும், கொரியக் குழந்தையும் தகப்பனாரை அப்பா என்றுதான் கூப்பிடுகிறது!

1910-ம் ஆண்டு கொரியா ஜப்பானியர் வசமாயிற்று. பள்ளிக்கூடத்திலிருந்து கொரிய மொழியை ஒழித்தார்கள். கொரிய அகராதி தயாரித்த குற்றத்துக்காக 1942-ம் ஆண்டு முப்பதுக்கு மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள். இருவர் சிறையிலேயே மாண்டார்கள். கையெழுத்துப் பிரதி மறைந்துவிட்டது. 1945-ம் ஆண்டு விடுதலைக்குப் பிறகு, சியோல் ரயில் நிலையச் சரக்குக் கிடங்கில், கேட்பாரற்றுக் கிடந்த பெட்டியில் அது அகப்பட்டது!

சேஜோங் காலத்து விளக்கப் புத்தகமோ பல நூறு ஆண்டுகளாக யார் கண்ணிலும் படவில்லை. அதனால் எழுத்தின் சூட்சுமமே மறந்துபோய், ஜன்னல் கம்பிகளைப் பார்த்துச் செய்தது என்றெல்லாம் கதை கட்டினார்கள். 1940-ம் ஆண்டில் ஒரு பிரதி இருப்பதாகத் துப்புக் கிடைத்தது. ஜோன் ஹியோங் பில் என்ற செல்வந்தர் அதை வாங்கினார். கேட்ட விலை ஆயிரம். அவர் கொடுத்தது பத்தாயிரம் என்பார்கள். ஜப்பானியர் போகும்வரையில் மூச்சுவிடவில்லை. கொரியப் போர் வந்து ஊரைவிட்டு ஓடியபோது, இரவில் அதைத் தலைக்கு வைத்துப் படுத்தாராம்.

அந்தப் பிரதி இப்போது அவர் பெயரால் அமைந்த கலைக்கூடத்தின் சொத்து. 1997-ம் ஆண்டு அது உலகத்தின் அரிய ஆவணங்களில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கிடைத்தபோது அதில் முதல் இரண்டு தாள்கள் இல்லை. யோன்சான் தடை போட்ட காலத்தில், பார்த்தவுடன் அடையாளம் தெரியக்கூடாது என்று யாரோ பயந்து கிழித்திருக்கலாம் என்கிறார்கள். அந்த இரண்டு தாள்களைப் பின்னால் வேறு கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.